மடற்பேழையின் இரு பூட்டுகள்

ஓலைச்சுவடிகளைக் கறையான் அரித்தது, ஆற்றுநீர் கொண்டுபோயிற்று, அறியாமை அடுப்பிலிட்டது. எஞ்சியவற்றை ஊர் ஊராகத் தேடியலைந்து, ஏடு பிரித்து, எழுத்துக் கூட்டிப் படித்து, அச்சேற்றிக் காத்தவர் மிகச் சிலரே. சி.வை. தாமோதரனார் 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்திராவிடின், உ.வே. சாமிநாதர் 1894ஆம் ஆண்டில் புறநானூற்றை அச்சிட்டிராவிடின், தமிழன் தன் முன்னோர் யாரென்பதை இன்றளவும் பிறர் வாய்க் கேட்டே அறிந்துகொண்டிருப்பான். அழிந்துபோன சுவடிகளை எண்ணி மேடைதோறும் கண்ணீர் உகுக்கும் தமிழர், தம் வீட்டுப் பேழைக்குள்ளேயே இன்று நடந்துகொண்டிருக்கும் இன்னோர் இழப்பைக் கண்டாரில்லை. இற்றை ஓலை மின்மடல். இற்றைக் கறையான் பூட்டு.

பல தமிழ் வீடுகளில் இன்று காணத்தகும் காட்சி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தமிழ்ப்பற்று மிக்க முதியவர் ஒருவர் மறைகின்றார். அவர் 1990களின் இறுதி தொட்டுப் பத்துப் பதினைந்து ஆண்டுகள், கடல் கடந்து வாழ்ந்த தமிழன்பர்களோடு மின்மடல் வழி உறவாடியவர். சொல்லாய்வு, கலைச்சொல்லாக்கம், பாடல்களுக்குப் பொருள் காணல், இடையிடையே வீட்டு நலம் உசாவல் என ஆயிரக்கணக்கான மடல்கள். அவருடைய கணினி பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் வன்வட்டிலிருந்தோ குறுவட்டிலிருந்தோ ஒரே ஒரு பெருங்கோப்பு கிடைக்கின்றது. மகன் பயன்படுத்துவதோ இலினக்சு இயங்குதளம். கோப்பின்மேல் சொடுக்கிப் பார்க்கின்றான், திறக்கவில்லை. 'இதனைத் திறக்கத்தக்க மென்பொருள் இல்லை' என்னும் மறுமொழியே வருகின்றது. தந்தையின் கைப்பட்ட எழுத்தெல்லாம் கையில் இருக்கின்றது. ஆயினும் ஓரெழுத்தையும் படிக்க இயலவில்லை. சிறிது முயன்று பார்த்துவிட்டு, வேலை மிகுதியால் அவ்வட்டை இழுப்பறையில் இட்டு மூடுகின்றான். எழுதிவைத்த வட்டுகள் சில ஆண்டுகளிலேயே பழுதுறவும் கூடும். பிறகு மூடிய இழுப்பறையை எவர் திறந்தும் பயன் என்ன?

பூட்டிய பேழை திறக்கக் கூடியதே. அதில் இருப்பவை இரண்டு பூட்டுகள். ஒன்று அயல் வணிகன் இட்டது. மற்றொன்று தமிழன் தானே இட்டுக்கொண்டது. இவற்றுள் எது கடியது என்பதைத் தமிழன்பர் அறிதல் வேண்டும்.

முதற் பூட்டைப் பற்றி முதலிற் காண்போர்க்கு மின்மடலின் வரலாறு சிறிது தெரிந்திருத்தல் நன்று. 1971ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் இரே தாமிலின்சன் என்பார் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலைவழி மடல் விடுத்தார். பெயரையும் இடத்தையும் பிரித்துக் காட்டும் குறியை முகவரியில் அமைத்தவரும் அவரே. அக்காலத்து யூனிக்சு கணினிகளில் வந்த மடல்களையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே உரைக்கோப்பில் கோத்துவைக்கும் வழக்கம் தோன்றியது. 'எம்பாக்சு' எனப்படும் அவ்வமைப்பில் மறைவு ஏதுமில்லை. 'பிரம்' என்னும் ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும் ஒரு வரி, புதிய மடல் தொடங்குகின்றது என்பதைக் காட்டும். அதன்கீழ் விடுத்தவர் பெயர், பெறுநர் பெயர், நாள், பொருள். பின்னர் மடலின் உரை. ஐம்பதாண்டுக்கு முன் எழுதிய கோப்பாயினும் இன்றைய எளிய உரைத்தொகுப்பி ஒன்றில் அதனைத் திறந்து பார்க்கலாம். 2005ஆம் ஆண்டில் இணைய நெறிமுறை ஆவணங்களிலும் இவ்வமைப்புப் பதிவு பெற்றது. ஓலையை ஒத்த கோப்பு இது. எழுத்தறிந்தவன் எவனும் படிக்கலாம்.

வணிக நிறுவனங்கள் வேறு வழியில் சென்றன. மைக்ரோசாப்டு நிறுவனத்தின் அவுட்லுக்கு மென்பொருள், மடல், முகவரி, நாட்குறிப்பு எல்லாவற்றையும் 'பிஎசுடி' என்னும் ஒரே பெருங்கோப்புக்குள் தன் நிரல் மட்டுமே அறியும் முறையில் அடுக்கிவைத்தது. போதாக்குறைக்கு எழுத்துக்கெழுத்து மாற்றிவைக்கும் எளிய மறைப்பு ஒன்றும் உண்டு. 2002ஆம் ஆண்டுப் பதிப்பு வரையிலான அக்கோப்பு 2 கிகாபைட்டு அளவை எட்டினால் பழுதுறும் குறையும் இருந்தது. இவ்வாறு மடல் எழுதியவனுடையது, காகிதமும் அவனுடையதே, பேழையின் திறவுகோல் மட்டும் வணிகனுடையதாயிற்று. அந்நிறுவனத்தின் மென்பொருளை விலைகொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும் வரை மடல் படிக்கலாம். வாங்குவதை நிறுத்தினால் தன் மடலைத் தானே படிக்க இயலாது. இதனை ஏந்து என்று கருதி உலகம் ஏற்றது. உலகத்தோடு தமிழனும் ஏற்றான்.

இப்பூட்டை உடைத்தவர் யார்? பெருநிறுவனங்கள் அல்ல; அரசுகளும் அல்ல. கூலி வேண்டாத் தொண்டர்களே! 1983ஆம் ஆண்டில் இரிச்சர்டு சுடால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்ட்சு வெளியிட்ட இலினக்சு உட்கருவும் ஒன்றுகூடி, எவரும் பெறலாம், எவரும் திருத்தலாம், எவரும் பிறர்க்கு வழங்கலாம் என்னும் கட்டற்ற இயங்குதளம் உருவாயிற்று. அக்கொள்கையில் ஊன்றி நின்றவர்கள், பிஎசுடி கோப்பினை ஒவ்வோர் எண்ணாக அலசி, அதன் உள்ளமைப்பைத் தாமே கண்டறிந்து, அதனைப் படிக்கும் நிரல்களை எழுதிப் பொதுவில் வைத்தனர். அவர்கள் அவ்வாறு செய்யத் தொடங்கியதன் பின்னரே, 2010ஆம் ஆண்டில், மைக்ரோசாப்டு நிறுவனம் அக்கோப்பின் உள்ளமைப்பு ஆவணத்தைத் தானே வெளியிட்டது.

ஆகவே இன்று அம்மகன் செய்யத்தக்கது எளிது. முதற்கண் அக்கோப்பினை இரு படிகள் எடுத்து, மூலத்தை எழுத இயலாததாக்கித் தனியே வைத்தல் வேண்டும். படியின்மேல் மட்டுமே வேலை செய்தல் வேண்டும். தெபியன், உபுண்டு முதலிய இலினக்சு வெளியீடுகளில் 'பிஎசுடி-யூட்டில்சு' என்னும் தொகுதியை விலையின்றி நிறுவிக்கொள்ளலாம். அதனுள் அடங்கிய 'ரீடுபிஎசுடி' என்னும் கட்டளை, பெருங்கோப்பினைப் பிரித்து, உள்ளே இருந்த மடலறை ஒவ்வொன்றையும் ஓர் எம்பாக்சு கோப்பாக எழுதித் தரும். வேண்டுவோர்க்கு மடல் ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகவும் தரும். கிடைத்த எம்பாக்சு கோப்புகளைத் தண்டர்பேர்டு மென்பொருளின் உள்ளக மடலறைகளில் இட்டால், தந்தையின் மடல்கள் நாள்வரிசையில் வந்து நிற்கும். எவல்யூசன், கேமெயில் என்பனவும் எம்பாக்சினை உள்வாங்க வல்லவை. அறிமுகமற்ற மாற்றுத் தளங்களில் கோப்பினை ஏற்றி மாற்றித் தருமாறு கேட்டல் மட்டும் கூடாது. மறைந்தவரின் மடல்களை முன்பின் அறியாதவன் கையிற் கொடுப்பது எவ்வகையிலும் தகாது.

இம்மட்டில் முதற் பூட்டுத் திறந்தது. மகன் மகிழ்ந்து முதல் மடலைத் திறக்கின்றான். அங்கேதான் இரண்டாம் பூட்டு அவனை எதிர்கொள்கின்றது. விடுத்தவர் பெயர் தெரிகின்றது, நாள் தெரிகின்றது, மடலின் உரையோ தலைக்குறி இட்ட இலத்தீன எழுத்துகளும் பொருளற்ற குறிகளுமாய்ச் சிதறிக் கிடக்கின்றது! ஆங்கிலத்தில் எழுதிய மடல்களெல்லாம் முழுமையாய்ப் படிக்கக் கிடைக்கின்றன. தமிழில் எழுதிய மடல்கள் மட்டுமே பாழ்பட்டு நிற்கின்றன. தமிழில் எழுதுவேன் என்று உறுதிபூண்டவனின் எழுத்து மட்டும் அழிகின்றது; அயன்மொழியில் எழுதியவனின் எழுத்து வாழ்கின்றது. இதனினும் கொடிய தண்டனை தமிழ்ப்பற்றுக்கு வேறு உண்டோ?

இதன் கரணியம் வணிகன் சூழ்ச்சி அன்று. தொடக்கக் கால மின்மடல் நெறி ஆங்கில நெடுங்கணக்கை மட்டும் கருதி அமைந்தது. 128 எழுத்திடங்களே அதற்குப் போதுமாயிருந்தன. பிறமொழி எழுத்துகளைக் குறித்து விடுக்கும் 'மைம்' என்னும் நெறி 1992ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. தமிழுக்கு ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், வின்டோசு போன்ற பெருவழக்கான இயங்குதளங்கள் அதனைத் தாங்கத் தொடங்கியது 2000ஆம் ஆண்டினை ஒட்டியே. இடைப்பட்ட காலத்தில் தமிழார்வலர் கைகட்டி நின்றாரில்லை. ஆங்கில எழுத்தின் இடங்களிலேயே தமிழ் எழுத்தின் படங்களைப் பொருத்தி எழுத்துருக்கள் செய்தனர். அவர்தம் உழைப்புப் போற்றத்தக்கது. அது நிகழாதிருப்பின் இணையத்தில் தமிழே நுழைந்திராது.

ஆயின், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாகப் பொருத்தினர் என்பதே கேடாய் முடிந்தது. ஈழத்தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஆங்கில 'எம்' எழுத்தின் இடத்தில் அகரம். 'கே' இடத்தில் மகரம். அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. 'எச்' இடத்தில் கால். எனவே ஒருவர் 'அம்மா' என்று எழுதி விடுத்தால், கணினி உண்மையில் விடுத்தது 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளையே. பெறுபவரிடம் பாமினி இருந்தால் அம்மா. இல்லையேல் பொருளற்ற ஐந்து குறிகள். தாயின் பெயரையே எழுத்துரு ஒன்றிடம் அடகு வைத்தாயிற்று!

இக்குழப்பத்தைத் தீர்க்க அறிஞர்கள் முயலாமலில்லை. உலகெங்கும் பரந்திருந்த தமிழார்வலர் மின்மடல் வழியே கலந்துபேசித் 'திசுக்கி' என்னும் பொதுக் குறிமுறையை வகுத்தனர். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பலவும் அதில் வெளிவந்தன. 1999ஆம் ஆண்டு பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு 'டாம்', 'டாபு' என்னும் வேறு இரண்டு குறிமுறைகளை ஏற்றது. 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியையும், தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் 16 பிட்டு அனைத்தெழுத்துக் குறிமுறையையும் ஏற்று மீண்டும் ஆணை பிறந்தது. ஒருங்குறி உயிர்மெய்களுக்குத் தனித்தனி இடம் தராத குறையைப் பற்றிய முறையீடு ஞாயமானதே. எனினும் இன்று உலகக் கணினிகளும் கைப்பேசிகளும் யாவும் அறிந்த ஒரே தமிழ் எழுத்து ஒருங்குறியே என்பதில் ஐயமில்லை. இப்படி முறைகள் மாறிய ஒவ்வொரு முறையும், பழைய முறையில் எழுதிய மடல்களைப் புதிய முறைக்குப் பெயர்த்து வைத்தவர் எத்துணைப் பேர்? புதுமனை புகுந்தவர் பழைய மனையிலேயே தாய்தந்தையர் மடல்களை விட்டு வந்தனர்.

இந்த இரண்டாம் பூட்டும் திறவாத பூட்டன்று. திசுக்கியில் எழுதிய உரையை ஒருங்குறிக்கு மாற்றும் திறன், இலினக்சு வெளியீடுகளோடு வரும் 'ஐகான்வ்' என்னும் சிறு கட்டளையிலேயே அமைந்துள்ளது. பாமினி, டாம், டாபு முதலியவற்றுக்கு 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு உதவும். எந்த எழுத்துருவில் எழுதியது என்று தெரியாத மடலாயின், அடிக்கடி வரும் சொற்களைக் கொண்டு உய்த்தறியலாம். மடலின் முடிவில் 'அன்புடன்' என்றோ 'வணக்கம்' என்றோ இருக்கத்தானே செய்யும்? அவ்விடத்தில் நிற்கும் குறிகளை ஒவ்வோர் அட்டவணையோடும் ஒப்பிட்டால் முறை புலப்படும். சுவடி படித்த முன்னோர் புள்ளியில்லா எழுத்தைச் சூழல் கொண்டு துணிந்த அதே நெறி இது.

ஒன்றைமட்டும் கருத்தில் வைத்தல் வேண்டும். பழைய எழுத்துருக்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் வைக்கப்பட்டவை. 'கொ' என்பதில் முதலில் ஒற்றைக்கொம்பு, பின்னர் ககரம், பின்னர் கால் என மூன்று குறிகள். ஒருங்குறியிலோ முதலில் ககரம், அடுத்து ஒகரத்தின் குறி. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாய் ஒலிக்கும் என்று தொல்காப்பியம் வகுத்த முறையோடு இது பொருந்துவது காண்க. எனவே குறிக்குக் குறி மாற்றினால் மட்டும் போதாது. வரிசையும் திருத்தப்பெறல் வேண்டும். நல்ல மாற்றிகள் இதனைச் செய்யும். செய்தபின் தமிழறிந்தவர் ஒருவர் படித்துச் சரிபார்த்தலும் வேண்டும். ரகரமும் காலும், ஔகாரமும் ளகரமும் மயங்கிய இடங்களைக் கணினி அறியாது, தமிழாசிரியர் அறிவார்.

இங்கேதான் இரு பூட்டுகளின் வேற்றுமை விளங்கும். முதற் பூட்டை உடைக்க உலகம் முழுதும் உள்ள தொண்டர்கள் முன்வந்தனர். ஏனெனில் அது உலகத்தார் எல்லார்க்கும் உற்ற தொல்லை. இரண்டாம் பூட்டோ தமிழன் ஒருவனுக்கே உரியது. அதனைத் திறக்கப் பின்லாந்துக்காரனும் வாரான், அமெரிக்கனும் வாரான். தமிழன் திறந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

பழைய மடல்களில் அப்படி என்ன இருந்துவிடப் போகின்றது என்று கேட்பாரும் உளர். கணினித் துறையில் இன்று வழங்கும் தூய தமிழ்ச் சொற்கள் பலவும் எவ்வாறு பிறந்தன, எச்சொல்லோடு எச்சொல் போட்டியிட்டது, எவர் எக்கரணியம் காட்டி எதனை மறுத்தார் என்னும் வரலாறு அச்சிட்ட நூல்களில் அருகியே உள்ளது. அக்கால மடல்களில் பெருகி உள்ளது. நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஈழத்தமிழர் தம் உற்றார்க்கு எழுதிய துயரமும் அவற்றில் உள்ளது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர் பகைவர். இம்மடல்களை அழியவிடுபவரோ மடல் எழுதியவரின் மக்களே! நெருப்புக்கு வரலாறு சான்று கூறும். மறதிக்குச் சான்று கூறவும் எவரும் இரார்.

வளங்கொழிக்கும் நாடுகளும் இதில் தவறியதுண்டு. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டில் எழுதிய 'தூம்சுடே' என்னும் நிலக்கணக்கு ஏட்டின் 900ஆம் ஆண்டு நினைவாக, பிபிசி நிறுவனம் 1986ஆம் ஆண்டில் நாட்டு மக்களின் வாழ்வைத் தொகுத்துச் சீரொளி வட்டுகளில் பதித்தது. ஏறத்தாழப் பதினைந்தாண்டுகளில் அவ்வட்டுகளைப் படிக்கும் பொறியே அரிதாகிவிட்டது. 900 ஆண்டுப் பழைய ஏடு படிக்கக் கிடைத்தது. 15 ஆண்டுப் புதிய வட்டுப் படிக்கக் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக ஆய்வாளர் முயன்று அதனை மீட்டனர். அந்நாட்டார்க்கு மீட்டுத் தர அரசும் பல்கலைக்கழகமும் இருந்தன. தமிழன் தன் கையையே நம்புதல் வேண்டும்.

இவ்விடத்தில் தனித்தமிழ் அன்பர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. சொல்லில் அயன்மொழி கலத்தலை எதிர்த்து அறைகூவுவோர், அச்சொல்லைத் தாங்கும் பேழையை அயலான் பூட்டுக்கு ஒப்படைத்தல் முறையாகுமா? வடவெழுத்து ஒன்று நுழைந்தால் பதறுகின்றவர், தமிழெழுத்து 247உம் ஆங்கிலக் குறிகளாய்ச் சேமிக்கப்பட்டிருப்பதைக் கண்டு பதற வேண்டாவா? தூய்மை நாவோடு நின்றுவிடுவதன்று. சொல், எழுத்து, எழுத்தைச் சேமிக்கும் கோப்பு, கோப்பினைத் திறக்கும் கருவி என நான்கும் தன் ஆளுகையில் இருப்பவனே தன் மொழிக்கு உரியவன். கட்டற்ற இயங்குதளம் அவ்வுரிமையைத் தருகின்றது. குனோம், கேடிஈ முதலிய மேசைத்தளங்களைத் தமிழார்வலர் தமிழாக்கி வருகின்றனர் என்பது எவர் இசைவும் வேண்டாது அவர்கள் செய்யத்தக்க பணி. பூட்டிய மென்பொருளில் அது வணிகன் விருப்பைப் பொறுத்தது.

செய்ய வேண்டுவன சிலவே. வீட்டில் உள்ள பழைய வட்டுகளை இத்திங்களுக்குள் எடுத்துப் படி செய்க. பூட்டிய கோப்புகளை எம்பாக்சு போன்ற திறந்த அமைப்புக்கு மாற்றுக. தமிழ் மடல்களை ஒருங்குறிக்குப் பெயர்க்க. பெயர்த்த பின்னும் மூலத்தை அழியாது வைக்க, ஏனெனில் மாற்றத்தில் நேர்ந்த பிழையை மூலமே காட்டும். ஊர்தோறும் உள்ள தமிழ்க் கழகங்கள், கணினி பயின்ற இளைஞர் ஒருவரையும் தமிழாசிரியர் ஒருவரையும் அருகருகே அமர்த்தி, முதியோரின் மடல்களை மீட்டுத் தரும் பணியை மேற்கொள்க. மீட்டவற்றை வெளியிடும் முன் எழுதியவரின் இசைவையும், அவர் மறைந்திருப்பின் அவர் மக்களின் இசைவையும் பெறுக. மடல் இருவர்க்கு உரியது, எழுதியவர்க்கும் பெற்றவர்க்கும்.

சுவடி தேடிய முன்னோர் ஊர் ஊராய் நடந்தனர். இற்றைத் தமிழன் நடக்க வேண்டிய தொலைவு தன் வீட்டு இழுப்பறை வரைதான். அத்துணைத் தொலைவும் நடவாதவன் நாளைக்குக் கறையானைப் பழித்துப் பயனில்லை. எழுக, வட்டினை எடுக்க, முதற் படியை இன்றே செய்க!